விலை குறைந்த கோல்ஃப் கிளப்புகள்: எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி இதுதான்: கோல்ஃப் கற்க ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன, இரவல் கிளப்புகளில் (பந்தை அடிக்கும் மட்டைகளில்) ஆடுகிறேன். சொந்தமாக ஒரு செட் வாங்க வேண்டும், ஆனால் பெரிய பட்ஜெட் இல்லை. பிரபல பிராண்டின் புது செட்டுக்கும் பெயர் தெரியாத செட்டுக்கும் பல மடங்கு விலை வித்தியாசம் இருக்கிறதே, அந்தப் பணம் எங்கே போகிறது? வார்த்தது, ஃபோர்ஜ் செய்தது என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? பழைய கிளப் வாங்கலாமா? பத்து வயது மகளும் கூட வருகிறாள், அவளுக்கு ஒரு பெரிய கிளப்பை வெட்டிக் கொடுத்தால் போதுமா?

முதலில் நேரடியான பதில். சில வருடங்களுக்கு முன் வந்த, நல்ல பெயருள்ள, வார்த்துச் செய்த கேவிட்டி பேக் (பின்பக்கம் குழிவான) அயர்ன் செட் ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். அயர்ன் என்பது எண் கூடக் கூடக் குட்டையாகும் உலோகத் தலைக் கிளப். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை அதன் நீளம், லை கோணம், கிரிப் ஆகியவற்றை உங்கள் உடம்புக்கு ஏற்பச் சரிசெய்யச் செலவிடுங்கள். ஒரு கிளப் உங்கள் கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை ஐந்து: நீளம், லாஃப்ட் (பந்தில் படும் முகத்தின் சாய்வு), லை (ஷாஃப்ட் என்கிற தண்டு தரையோடு நிற்கும் கோணம்), எடை, ஷாஃப்டின் விறைப்பு. இவை சரியாக அமைவதற்கு விலையுயர்ந்த உலோகம் தேவையில்லை. இந்த ஐந்தும் பொருந்தாத புது செட்டைவிடப் பொருந்துகிற பழைய செட் நிச்சயமாக நன்றாக ஆட வைக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கிளப் தயாராகும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

இன்று விற்கும் அயர்ன் தலைகளில் பெரும்பகுதி வார்ப்பு. பழங்காலத்தில் வெண்கலச் சிலை வார்த்த அதே மெழுகு முறைதான், கொஞ்சம் நவீனமாக. முதலில் தலையின் வடிவத்தை அலுமினிய அச்சில் மெழுகு ஊற்றி எடுக்கிறார்கள். முகத்தில் உள்ள கோடுகள், பின்பக்கக் குழிவு, பிராண்டு பெயர் எல்லாமே மெழுகிலேயே வந்துவிடும். இப்படிப் பல மெழுகுத் தலைகளை ஒரு மெழுகுத் தண்டில் கிளை கிளையாக ஒட்டி, பீங்கான் குழம்பில் முக்கி, மேலே நுண்மணலைத் தூவி உலர விடுகிறார்கள். திரும்பத் திரும்ப முக்கி உலர்த்தியதும் தடித்த ஓடு உருவாகிவிடும். நீராவி அழுத்தத்தில் மெழுகை உருக்கி வெளியேற்றி, ஓட்டைச் சூளையில் சுட்டு, காலியான இடத்தில் 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறி உருகிய எஃகை ஊற்றுகிறார்கள். ஆறியதும் ஓட்டை உடைத்து, தலைகளை வெட்டிப் பிரித்து, வெப்பப் பதம் கொடுத்து, தேய்த்து மெருகேற்றினால் தலை தயார்.

இந்த முறையின் பெரிய வசதி, சிக்கலான வடிவத்தை மலிவாகச் செய்ய முடிவது. தலையின் நடுவில் இருக்கும் எடையைக் குடைந்து விளிம்புகளுக்குத் தள்ளிவிட்டால், பந்து முகத்தின் ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. தவறிப் பட்ட அடியும் ஓரளவு நேராக, ஓரளவு தூரம் போகும். கேவிட்டி பேக் என்பது இதுதான். இதைப் பெரிய அளவில் பரப்பியவர் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம், தொழிலால் ஒரு பொறியாளர். 1982இல் வந்த பிங் ஐ 2 அயர்ன்களை இன்றைக்கும் பையில் வைத்து ஆடுகிறவர்கள் உண்டு. ஆரம்ப நிலை ஆட்டக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தந்துவிடவில்லை என்பது என் எண்ணம். அந்த உதவி இன்று மிகச் சாதாரண செட்டிலும் கிடைக்கிறது.

ஃபோர்ஜ் செய்வது வேறு கதை. இங்கே மெழுகும் ஓடும் கிடையாது. கார்பன் குறைந்த மென்மையான எஃகுக் கம்பித் துண்டை 1,000 டிகிரிக்கு மேல் சிவக்கச் சூடாக்கி, பெரிய அழுத்த எந்திரத்தில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிக்கிறார்கள். ஒரே அடியில் முடியாது, படிப்படியாகப் பல அடிகள். பிதுங்கி வரும் ஓரத்தை வெட்டி, துளையிட்டு, கோடுகள் பொறித்து, சாணை பிடித்து எடைக்குக் கொண்டுவர வேண்டும். கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்பதால் மேலே நிக்கல், குரோமியம் பூச வேண்டும். கைவேலை அதிகம், கழிவு அதிகம், அதனால் விலையும் அதிகம். ஜப்பானில் ஹிமேஜி நகரைச் சுற்றி இந்த வேலையில் பேர்போன பட்டறைகள் இருக்கின்றன. மியூரா கிளப்புகள் அங்கிருந்து வருபவைதான்.

ஃபோர்ஜ் செய்த அயர்னில் அடி மென்மையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நாம் உணர்வதில் பெரும்பகுதி ஒலி. அந்த ஒலியையும் அதிர்வையும் உலோகத்தோடு சேர்ந்து தலையின் வடிவமும், பந்து முகத்தின் எந்த இடத்தில் பட்டது என்பதும் முடிவு செய்கின்றன. பந்தை நடுமுகத்தில் தொடர்ந்து அடிக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்த மென்மைக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. சில மாதங்களாகக் கற்கிறவருக்கு இல்லை. அதோடு, ஃபோர்ஜ்ட் என்ற சொல் மட்டும் எதற்கும் உத்தரவாதம் தராது. வார்த்த உடலில் ஃபோர்ஜ் செய்த முகத்தைப் பற்றவைத்துவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் பெரிதாகப் பொறிப்பதும் வழக்கம்தான்.

இதில் நமக்கு உண்மையிலேயே பயன்படும் வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மென்மையான எஃகை வளைக்கலாம். லை கோணத்தையோ லாஃப்டையோ இரண்டு மூன்று டிகிரி மாற்ற வேண்டுமானால், கிளப்பை ஒரு பிடிப்பானில் இறுக்கி, நெம்புகோலால் கழுத்தை வளைத்துவிடுவார்கள். ஃபோர்ஜ் செய்த கார்பன் எஃகு இதற்கு எளிதாக இணங்கும். வார்ப்புகளில் 431 என்ற துருப்பிடிக்காத எஃகு ஓரளவு இணங்கும். 17-4 என்ற வகை (ஏறக்குறைய 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல்) கடினமானது, கொஞ்சம்தான் வளையும், அதிகம் போனால் உடையும் அபாயம் உண்டு. மலிவான செட்டுகளில் பெரும்பாலும் இருப்பது இந்த 17-4 தான். உறுதியான நல்ல உலோகம், குறையொன்றும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட செட்டை வாங்கும்போது லை கோணம் ஆரம்பத்திலேயே உங்களுக்கு நெருக்கமாக இருப்பது நல்லது.

சரி, பணம் எங்கே போகிறது? பெரிய பிராண்டுகள் பலவும் வடிவமைப்பைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, தலைகளை வார்க்கும் வேலையைத் தைவான், சீனா, வியட்நாம் ஆலைகளிடம் ஒப்படைக்கின்றன. ஒரே ஆலை ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டுகளுக்கு வார்ப்பதும் சாதாரணம். ஒரு கிளப்பின் விலையில் உலோகமும் வார்ப்பும் ஒரு பங்குதான். ஆராய்ச்சி, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான ஒப்பந்தங்கள், விளம்பரம், கடைக்காரரின் லாபம் எல்லாம் மேலே சேர்கின்றன. புது மாடல் வந்த உடனே முந்தைய மாடலின் விலை சரிவதற்குக் காரணமும் இதுதான். அந்தக் கிளப்பின் உலோகத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை.

அதற்காகப் பெயரில்லாத செட்டும் பிராண்டு செட்டும் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். நல்ல நிறுவனம் உங்களிடம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதி சோதனைக்குப் போகிறது. 7 அயர்ன் தலையின் எடை ஏறக்குறைய 270 கிராம். அதற்கு அடுத்த நீளமான கிளப்பில் சுமார் 7 கிராம் குறையும், அடுத்த குட்டையான கிளப்பில் 7 கிராம் கூடும். நீளம் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் மாறும், லாஃப்ட் மூன்று நான்கு டிகிரி மாறும். இந்த ஏறுவரிசை ஒழுங்காக இருந்தால்தான் ஒவ்வொரு கிளப்பும் ஒரு குறிப்பிட்ட தூரத்தைத் தரும். சோதனை சரியில்லாத செட்டில் 8 அயர்னும் 9 அயர்னும் ஒரே தூரம் போகும், நீங்கள் உங்கள் ஸ்விங்கையே (கிளப்பைச் சுழற்றும் விதத்தையே) சந்தேகிப்பீர்கள். அதனால் புதிய பெயரில்லாத செட்டுக்கும் பழைய பெயருள்ள செட்டுக்கும் விலை ஒன்றாக இருந்தால் இரண்டாவதையே எடுங்கள்.

டிரைவர் (நீண்ட தூர அடிக்கான பெரிய தலைக் கிளப்) விஷயத்தில் உலோகம் உண்மையாகவே முக்கியம். ஒரு காலத்தில் பெர்சிமன் மரத்தில் செய்தார்கள். 1979இல் டெய்லர்மேட் எஃகுத் தலையோடு வந்தது. 1991இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா எஃகிலேயே 190 கன சென்டிமீட்டருக்குப் பெரிதானது, அன்றைக்கு அது பெரிய தலை. டிரைவர் தலையின் எடையோ ஏறக்குறைய 200 கிராமில்தான் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் வேகமாகச் சுழற்ற முடியாது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியத்துக்கு 4.5 தான். அதே எடையில் தலையைப் பெரிதாக்கவும், முகத்தை மெல்லியதாக ஆனால் உறுதியாக வைக்கவும் டைட்டானியம் இடம் கொடுத்தது. 1990களின் நடுவிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. டைட்டானியம் உருகிய நிலையில் காற்றோடு வினைபுரியும் என்பதால் வெற்றிடத்தில் வார்க்க வேண்டும். முகத்தகட்டைத் தனியாகச் செய்து பற்றவைக்க வேண்டும். எஃகு வார்ப்பைவிட இது செலவு பிடிக்கும் வேலை, அந்த விலைக்கு நியாயம் உண்டு.

ஆனால் பழைய டிரைவர் வாங்குகிறவருக்குச் சாதகமான செய்தி விதிப்புத்தகத்தில் இருக்கிறது. யு.எஸ்.ஜி.ஏ., ஆர் அண்ட் ஏ ஆகிய இரு விதி அமைப்புகளும் டிரைவர் தலையின் அளவை 460 கன சென்டிமீட்டரோடு நிறுத்திவிட்டன. முகம் பந்தை உந்தித் தள்ளும் வில் போன்ற தன்மைக்கும் உச்ச வரம்பு வைத்துவிட்டன. 2000களின் பிற்பாதியிலேயே நல்ல டிரைவர்கள் இந்த இரண்டு வரம்புகளையும் தொட்டுவிட்டன. நடுமுகத்தில் பட்டால் கிடைக்கும் பந்தின் வேகம் அதன்பின் பெரிதாக ஏற வழியே இல்லை. அப்புறம் வந்த முன்னேற்றம் பெரும்பாலும் ஓரத்தில் பட்ட அடிகளைக் காப்பாற்றுவதில்தான். மேல்மூடியைக் கார்பனில் செய்து மிச்சமான எடையைப் பின்னாலும் கீழேயும் வைத்தார்கள். அது பயனுள்ள முன்னேற்றம்தான். ஆகவே ஐந்தாறு வருடப் பழைய டிரைவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தரும். பதினைந்து வருடப் பழையதில் ஓர அடிகளுக்கான மன்னிப்பு குறையும், நடு அடியில் பெரிய இழப்பு இராது. லாஃப்ட் மட்டும் குறைவாக எடுக்காதீர்கள். புதியவர்களுக்கு 10.5 டிகிரியோ 12 டிகிரியோ நல்லது, 9 டிகிரி வேகமாகச் சுழற்றுகிறவர்களுக்கானது.

அடுத்தது ஷாஃப்ட். பழைய கிளப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். எஃகு ஷாஃப்ட் என்பது படிப்படியாக இழுத்து மெலிய வைத்த குழாய். படிக்கட்டு போலத் தெரியும் வளையங்கள் விட்டம் குறையும் இடங்கள். அயர்னுக்கான எஃகு ஷாஃப்ட் 90 கிராமிலிருந்து 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் ஷாஃப்ட் செய்யும் விதம் அழகானது. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாள்களை அளவாக வெட்டி, ஒரு மெல்லிய எஃகுக் கம்பியின்மேல் பாய் சுருட்டுவதுபோல அடுக்கடுக்காகச் சுருட்டுகிறார்கள். இழை நீளவாட்டில் ஓடும் அடுக்குகள் வளைவைத் தடுக்கும், சாய்வாக ஓடும் அடுக்குகள் முறுக்கைத் தடுக்கும். மேலே நாடாவை இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, உள்ளிருக்கும் கம்பியை உருவி எடுத்து, தேய்த்து வண்ணம் பூசுவார்கள். எத்தனை அடுக்கு, எந்தக் கோணம், எவ்வளவு விறைப்பான இழை என்பதில்தான் மலிவான ஷாஃப்டும் விலையுயர்ந்த ஷாஃப்டும் வேறுபடுகின்றன.

ஷாஃப்டில் எழுதியிருக்கும் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகள் விறைப்பைக் குறிப்பவை. ஆனால் இதற்குப் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். பொதுவாக டிரைவரை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் சுழற்றுகிறவருக்கு ஆர், அதற்கு மேல் எஸ், அதற்குக் கீழே ஏ என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த எழுத்தைவிட எடையை நம்புங்கள் என்பேன். ஆட்டத்தின் கடைசிக் குழிகளில் கிளப் கனத்துப்போய் அடி தளர்கிறது என்றால் ஷாஃப்ட் உங்களுக்கு அதிக எடை. உடல் வலு நிறைய உள்ளவருக்கு 55 கிராம் கிராஃபைட் கையில் கிளப் இருப்பதே தெரியாமல் செய்து, சுழற்றும் நேரக்கணக்கைக் குலைக்கும். நல்ல தலையில் 130 கிராம் எக்ஸ் ஷாஃப்ட் மாட்டிய ஒரு பழைய செட் மிக மலிவாகக் கிடைத்தால், அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. ஷாஃப்டுகளை மாற்றும் செலவு செட்டின் விலையைத் தாண்டிவிடும்.

இப்போது அளவு. செருப்போடு நிமிர்ந்து நின்று, கைகளைத் தளரவிட்டு, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். உயரத்தைவிட இந்த அளவுதான் நீளத்தைச் சொல்லும், ஏனென்றால் ஒரே உயரமுள்ள இருவரின் கை நீளம் வேறாக இருக்கும். கடைகளில் வைத்திருக்கும் அட்டவணையில் இந்த எண்ணைப் பொருத்தினால் அரை அங்குலம் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான நீளமே போதும்.

லை கோணம் இன்னும் நுணுக்கமானது. பந்தைத் தொடும் கணத்தில் கிளப்பின் அடிப்பாகம் தரையில் சமமாகப் பதிய வேண்டும். தலையின் நுனி மேலே தூக்கி நின்றால் முகம் வலது கைக்காரருக்கு இடப்பக்கம் பார்க்கும், ஷாஃப்டை ஒட்டிய குதிகால் பகுதி தூக்கி நின்றால் வலப்பக்கம் பார்க்கும். லாஃப்ட் கூடக் கூட இதன் பாதிப்பும் கூடும், அதனால் வெட்ஜ் என்கிற, லாஃப்ட் மிகுந்த குட்டைக் கிளப்புகளில்தான் மிக அதிகம். நேராக அடித்தும் குட்டை அயர்ன்கள் எல்லாம் இடது பக்கம் போகின்றன என்றால் ஸ்விங்கை மாற்றும் முன் இதைப் பாருங்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். பந்தின் மேல் மார்க்கர் பேனாவால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு செங்குத்தாக இருந்தால் லை சரி, சாய்ந்திருந்தால் வளைக்க வேண்டும்.

லாஃப்டில் ஒரு பொறி இருக்கிறது. 1980களில் 7 அயர்ன் என்றால் 35 டிகிரிக்கு நெருக்கமாக இருக்கும். இன்று புதியவர்களுக்கென்று விற்கும் பல செட்டுகளில் அது 28 முதல் 30 டிகிரி. எடையைக் கீழே கொண்டுபோய்விட்டதால் குறைந்த லாஃப்டிலும் பந்து எழும்பும் என்பது தயாரிப்பாளர்களின் விளக்கம், அது பொய் இல்லை. ஆனால் கடையில் புது 7 அயர்னை அடித்துப் பார்த்துவிட்டு, என் பழைய 7 அயர்னைவிட இருபது கஜம் கூடப் போகிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நீங்கள் அடித்தது பழைய கணக்கில் 6 அயர்னுக்கும் 5 அயர்னுக்கும் நடுவில் ஒன்று. எண்ணைப் பார்க்காமல் டிகிரியை ஒப்பிடுங்கள். இதன் பின்விளைவு செட்டின் மறுமுனையில் தெரியும். பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரிக்கு வந்துவிட்டால், 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் அதற்கும் நடுவே 12 டிகிரி இடைவெளி. அதை நிரப்ப 50 டிகிரி வெட்ஜ் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். செட் மலிவு என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிளப் வேண்டும்? விதிப்படி பையில் 14 வரை வைக்கலாம். அதற்காக 14ஐ நிரப்ப வேண்டியதில்லை. ஒரு டிரைவர், ஒரு 5 வுட் (டிரைவரைவிடச் சிறிய தலைக் கிளப்) அல்லது ஹைப்ரிட் (வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்டது), 6, 8 அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்). முதல் வருடத்துக்கு இந்த ஏழு தாராளம். ஒரு கிளப்பில் முழு அடி, முக்கால் அடி என்று மாற்றி ஆடும்போது கை நிறையக் கற்கிறது. 3, 4 அயர்ன்கள் இல்லாத செட் என்று விலை குறைத்துக் கொடுத்தால் தயங்காமல் வாங்குங்கள். வேகம் குறைந்த ஸ்விங்கில் அவை மேலே எழும்பாது, அந்த இடத்தை ஹைப்ரிட் நன்றாக நிரப்பும். பையோடு சேர்த்துப் பெட்டியில் வரும் முழு செட்டுகளில் பெரிய நிறுவனங்களுடையது பரவாயில்லை. அயர்ன்களும் ஹைப்ரிட்டும் நன்றாகவே இருக்கும், பட்டர்தான் பெரும்பாலும் பலவீனம்.

பழைய கிளப்பைக் கையில் எடுத்ததும் முதலில் முகத்தைப் பாருங்கள். அயர்னில் கீறல்கள் பரவாயில்லை, ஆனால் நடுவில் கோடுகள் தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்று விரல்நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். டிரைவரில் முகமும் மேல்மூடியும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டவே வேண்டாம். தலையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே பசைத்துணுக்கு உடைந்து சுற்றுகிறது என்று பொருள். அது சரிசெய்யக்கூடியது, விலையைக் குறைக்கச் சொல்லக் காரணமாகலாம். எஃகு ஷாஃப்டில் துரு மேலோட்டமாக இருந்தால் போகட்டும், குழிகுழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். கிராஃபைட்டில் பையின் ஓரம் உரசி ஆழமாகப் பதிந்த வெட்டு இருந்தால் அது என்றைக்காவது ஸ்விங்கின் நடுவில் முறியும். தலையைப் பிடித்துக்கொண்டு கிரிப்பைத் திருகிப் பாருங்கள், எங்கேயும் அசையக் கூடாது. எல்லா அயர்ன்களையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தினால் நீளம் சீராக ஏறுகிறதா, ஷாஃப்டுகள் எல்லாம் ஒரே வகையா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

போலிகள் நிறைய உலவுகின்றன, முக்கியமாகப் புது மாடல் டிரைவர்களில். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருப்பதே முதல் அறிகுறி. டிரைவர் என்றால் ஒரு சிறு காந்தத்தை முகத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். டைட்டானியத்தைக் காந்தம் ஈர்க்காது. டைட்டானியம் என்று சொல்லி விற்கும் முகத்தில் காந்தம் ஒட்டினால் அங்கேயே முடிந்தது. ஆனால் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, அலுமினியத்தையும் அது ஈர்க்காது. கழுத்தில் பொறித்த வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சரிபார்ப்பதே உறுதியான வழி.

தலை, ஷாஃப்ட், கிரிப் மூன்றையும் தனித்தனியாக வாங்கிக் கோத்துக்கொள்ளும் வழியும் உண்டு. ரால்ஃப் மால்ட்பி தொடங்கிய கோல்ஃப்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தங்கள் சொந்த வடிவமைப்பில் தலைகளை விற்கின்றன. பிரபல மாடலைப் பார்த்து அப்படியே நகலெடுத்த தலைகளை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகல்களில் வெளித்தோற்றம் மட்டும் ஒத்துப்போகும், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது ஒத்துப்போகாது. கோக்கும் வேலை கடினமில்லை. ஷாஃப்டின் நுனியைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, இரு கலவை எபாக்சி பசை பூசி, கழுத்தில் செருகி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட வேண்டும். ஷாஃப்ட் நுனியின் விட்டமும் தலையின் துளையும் ஒன்றாக இருக்க வேண்டும், அயர்ன்களில் 0.355, 0.370 அங்குலம் என்று இரண்டு அளவுகள் உண்டு. வாங்கும்முன் இதைக் கேட்காதவர்களுக்குத்தான் சிக்கல்.

கிரிப் மாற்றுவதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். பழைய கிரிப்பைக் கத்தியால் கிழித்து, இருபக்க ஒட்டு நாடா சுற்றி, கரைப்பான் ஊற்றிப் புது கிரிப்பைச் செருகினால் போதும். பழைய செட் வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். காய்ந்து வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கையெல்லாம் விறைத்துவிடும், அந்தக் கையால் தளர்வாகச் சுழற்ற முடியாது. மிகக் குறைந்த செலவில் மிக அதிக மாற்றம் தரும் வேலை வேறில்லை.

பட்டருக்குப் பழையது, புதியது என்ற கவலையே வேண்டாம். கீழே வைத்தால் குறி நேராகத் தெரிகிறதா, நீளம் உங்கள் கண் பந்துக்கு நேர்மேலே வரும்படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெட்ஜில் மட்டும் நேர்மாறு. அதன் கோடுகள் கூர்மையாக இருந்தால்தான் பந்து சுழன்று நிற்கும், மணலில் நிறைய ஆடிய வெட்ஜில் அந்தக் கூர்மை போயிருக்கும். ஒரே ஒரு கிளப்பைப் புதியதாக வாங்க முடியும் என்றால் சாண்ட் வெட்ஜைத்தான் சொல்வேன்.

மகளுக்கு வருகிறேன். பெரியவர்களின் அயர்னை வெட்டிக் கொடுக்காதீர்கள். 37 அங்குல 7 அயர்னை அவள் உயரத்துக்குக் குறைத்தால் நீளம் மட்டும்தான் குறையும். தலை அதே 270 கிராம். ஷாஃப்ட் குட்டையானதால் இன்னும் விறைப்பாகிவிடும். வெட்டிய இடத்தில் ஷாஃப்ட் மெலிந்திருந்தாலும் பெரியவர்களின் கிரிப் அவள் விரல்களுக்குத் தடிமன்தான். குட்டைக் கிளப்பை அவள் தாழ்த்திப் பிடிக்கும்போது நுனி மேலே தூக்கி, பந்து இடது பக்கம் போகும். அவளால் கையை மட்டும் வைத்து இந்த எடையைச் சுழற்ற முடியாது என்பதால் உடம்பைப் பின்னால் சாய்த்துத் தூக்கி அடிக்கப் பழகுவாள், அந்தப் பழக்கத்தை மாற்ற வருடங்கள் ஆகும். சிறுவர் கிளப்புகளில் தலை இலேசு, ஷாஃப்ட் நன்றாக வளையும், லாஃப்ட் அதிகம். குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் இவை பழையதாக நல்ல நிலையில் கிடைக்கும். வயதைப் பார்க்காமல் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஹைப்ரிட், ஒரு 7 அயர்ன், ஒரு வெட்ஜ் இருந்தால் அவளுக்கு நிறைய. பட்டரை மட்டும் உங்கள் பழையதை வெட்டிக் கொடுக்கலாம். அதைச் சுழற்ற வேண்டியதில்லை, தலை கொஞ்சம் கனமாக இருப்பது அங்கே உதவிதான். மெல்லிய கிரிப் ஒன்றை மாட்டிவிடுங்கள்.